ஏழு விதிகளும் ஒரு மோதிரமும்

கேள்வி: எனக்கு 31 வயது. திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. 22 வயதில், அப்பா மருத்துவமனையில் இருந்தபோது, ஒரு ஃபேன்டஸி நாவல் தொடரைப் படித்தேன். இருட்டில் வழிதவறியவர்களுக்குத் துணை போகும் காவலர்கள் அதில் வருவார்கள். அவர்களுடைய நெறியை ஏழு விதிகளாக நோட்டில் எழுதிவைத்து, ஒன்பது ஆண்டுகளாக அதன்படி வாழ்கிறேன். பொய் சொல்லாதே. கொடுத்த வாக்கை மீறாதே. உதவி கேட்பவரைத் திருப்பி அனுப்பாதே. தேவைக்கு மேல் சேர்க்காதே. கோபத்தில் ஆயுதத்தைத் தொடாதே. பயத்தைப் பெயர் சொல்லி அழை. விளக்கணைக்கும் முன் அன்றைய கணக்கைப் பார். அப்பா போன பிறகு குடிக்கத் தொடங்கியிருந்தேன். அதை விட்டது இந்த விதிகளால்தான். அந்தக் காவலர்களின் குறியைச் செதுக்கிய மோதிரம் ஒன்றும் போட்டிருக்கிறேன். மனைவி ஒருமுறை அது என்னவென்று கேட்டாள். சும்மா ஒரு டிசைன் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது பிரச்சினை. போன மாதம் பழைய நண்பன் ஒருவன் அவசரமாக உதவி கேட்டான். வீடு வாங்க நாங்கள் இருவரும் சேர்த்துவைத்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கை அவனுக்குக் கொடுத்துவிட்டேன். மனைவியிடம் பிறகுதான் சொன்னேன். அப்போதுதான் விதிகளைப் பற்றியும் அந்தப் புத்தகத்தைப் பற்றியும் அவளுக்குத் தெரிந்தது. “நான் கல்யாணம் பண்ணிக்கிட்டது உன்னை, ஒரு புத்தகத்தை இல்லை” என்றாள். அலுவலகத்திலும், வேலை முடிந்துவிட்டது என்று வாடிக்கையாளரிடம் சொல்லச் சொன்ன மேலாளரை எல்லோர் முன்னாலும் பொய்யர் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, வளர்ற வழியைப் பார்” என்கிறார். சில இரவுகளில் தூக்கம் வராது. அந்த உலகத்தில் நடப்பதாக நினைத்துக்கொண்டே விடிந்துவிடும். இது மனநோயா? எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா? மோதிரத்தைக் கழற்றிவிடட்டுமா?

பதில்: முதலில் உங்களைப் பயமுறுத்தும் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதில் எதுவும் மனநோய் என்று சொல்லும்படி இல்லை. அந்தக் காவலர்கள் எங்கும் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அவர்களைக் கற்பனை செய்து எழுதியவர் ஒருவர் என்பதும் தெரியும். கதை எது, நடப்பு எது என்ற கோடு உங்களுக்குள் தெளிவாக இருக்கிறது. ஒரு கதையை நம்பி ஏமாறுவது ஒன்று, அந்தக் கதையிலிருந்து ஒரு நடத்தையைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது முற்றிலும் வேறு. நீங்கள் செய்தது இரண்டாவது.

உங்கள் அண்ணன் சொன்ன பழமொழி நல்ல பழமொழிதான். ஏட்டில் வரைந்த சுரைக்காயை நறுக்க முடியாது. ஆனால் வாக்கு என்பது சுரைக்காய் மாதிரி ஒரு பொருள் கிடையாது. கதையில் வரும் சாப்பாடு யாருடைய பசியையும் ஆற்றாது, கதையில் வரும் மருந்து யாரையும் குணப்படுத்தாது. ஆனால் கதையில் ஒருவன் கொடுத்த வாக்கை நீங்களும் கொடுத்தால், அது நிஜமான வாக்கு. இனிமேல் குடிக்க மாட்டேன் என்று 22 வயதில் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டபோது அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதை உங்கள் ஈரல் கேட்கவில்லை. ஒன்பது ஆண்டுகளாகக் குடிக்கவில்லை என்பதுதான் அதற்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் செய்த முதல் ஆள் நீங்கள் இல்லை. 1961-இல் ராபர்ட் ஹைன்லைன் எழுதிய ஓர் அறிவியல் புனைகதையில், செவ்வாயில் வளர்ந்த ஒருவன் மற்றவர்களோடு தண்ணீரைப் பகிர்ந்து குடிப்பதைப் புனிதமான உறவாக நினைப்பான். அதைப் படித்த அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் இருவர், அடுத்த ஆண்டே அதேபோலத் தண்ணீரைப் பகிர்ந்து குடித்து ஒரு சகோதரத்துவத்தைத் தொடங்கினார்கள். 1968-இல் அது சட்டப்படி ஒரு மத அமைப்பாகவே பதிவானது. 2001-இல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்ற இடத்தில் 3,90,000-க்கும் மேற்பட்டோர், ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படங்களில் வரும் வீரர்களின் பெயரான ‘ஜெடாய்’ என்று எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோர் விளையாட்டுக்கு எழுதியவர்கள்தான். ஆனால் அந்தத் திரைப்பட வீரர்களின் பெயரில் தியானமும் ஒழுக்கமுமாக நிஜமாகவே வாழ்கிற சிறு குழுக்களும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு குழு அறக்கட்டளையாகத் தன்னைப் பதிவுசெய்யக் கேட்டபோது, 2016-இல் அந்த நாட்டு அறக்கட்டளை ஆணையம் மறுத்துவிட்டது. ஆணையம் மறுத்ததால் அந்த மனிதர்கள் காலையில் எழுந்து தியானம் செய்ததற்கு அர்த்தம் இல்லாமல் போய்விடாது.

‘வளர்ற வழியைப் பார்’ என்று அண்ணன் சொன்னதுதான் உங்களை அதிகம் குத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தக் குற்றச்சாட்டும் பழையதுதான். இதற்கு நல்ல பதில் சொன்னவர் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன். மாயக் கதைகளைப் பற்றி 1939-இல் அவர் ஆற்றிய உரை பிற்பாடு கட்டுரையாக வந்தது. சிறையில் இருப்பவன் தப்பிக்க நினைப்பதையும், போர்முனையில் நிற்க வேண்டியவன் ஓடிப்போவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள் என்பது அதில் அவருடைய வாதம். முதல் உலகப் போரில், 1916-இல் பிரான்ஸின் சோம் போர்முனையில் நின்று, நெருங்கிய நண்பர்களைப் போரில் பறிகொடுத்தவர் சொன்னது இது. ஓட்டம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். உங்கள் கடிதத்தில் இரண்டுமே இருக்கின்றன. அப்பா படுத்திருந்த அறைக்கு வெளியே அந்தப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது சிறைக்குள் இருந்தவன் தேடிய ஜன்னல். நண்பனுக்குப் பணம் கொடுத்த அன்று மாலை மனைவியிடம் பேசாமல் விதியைப் பேசவிட்டது வேறு வகை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் ஏழாவது விதியில் கொஞ்ச நேரம் நின்றேன். விளக்கணைக்கும் முன் அன்றைய கணக்கைப் பார். இதை அந்த நாவலாசிரியர் கண்டுபிடித்ததாக நீங்கள் நினைத்திருக்கலாம். கிட்டத்தட்ட 2000 ஆண்டுகளுக்கு முன் ரோமில் வாழ்ந்த தத்துவவாதி செனெக்கா, கோபத்தைப் பற்றி எழுதிய நூலில் இதே பழக்கத்தைச் சொல்கிறார். விளக்கை எடுத்துக்கொண்டு போன பிறகு, அன்று முழுக்கத் தான் செய்ததையும் சொன்னதையும் எதையும் மறைக்காமல் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பாராம். தவறு கண்டால், இனி இப்படிச் செய்யாதே, இந்த முறை மன்னிக்கிறேன் என்று தனக்கே சொல்லிக்கொள்வாராம். அவரும் இதைத் தனக்கு முந்தைய ஒரு தத்துவவாதியிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார். மாயக் கதைகள் எழுதிய அமெரிக்க நாவலாசிரியர் உர்சுலா லெ குவின் தன் மந்திரவாதிகளின் உலகத்துக்கு அடித்தளமாக வைத்த சமநிலைக் கருத்து சீனாவின் தாவோ மரபிலிருந்து வந்தது. 1997-இல் அந்த மரபின் மூல நூலான தாவோ தே ஜிங்கைத் தன் நடையில் ஆங்கிலத்தில் கொடுத்தவரும் அவர்தான். மாயக் கதைகளில் வரும் நெறிகளைக் கீறிப் பார்த்தால், உள்ளே பெரும்பாலும் இப்படி மனிதர்கள் பல தலைமுறையாக வாழ்ந்து பார்த்த ஏதோ ஒன்று இருக்கும். உங்கள் விதிகள் ஆகாயத்திலிருந்து விழவில்லை.

செனெக்கா சொன்னதில் ஒரு சின்ன விவரம் உண்டு. நான் அந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் என் கண் அங்கேதான் நிற்கும். விளக்குப் போன பிறகு, அவருடைய இந்தப் பழக்கத்தை அறிந்த மனைவி பேசாமல் அமைதியாகிவிடுவார். அவர் இருட்டில் தனக்குள் கணக்குப் பார்க்கிறார் என்று பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தெரியும். ஒன்பது ஆண்டுகளாக நீங்கள் கணக்குப் பார்க்கிறீர்கள். அதில் மூன்று ஆண்டுகளாக உங்கள் பக்கத்திலும் ஒருவர் இருந்தார், போன மாதம் வரை அவருக்கு அது தெரியாது.

கற்பனை ஆட்கள் நம்மை ஏன் இப்படி நகர்த்துகிறார்கள் என்பதற்கு ஆராய்ச்சிகளும் இருக்கின்றன. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் நான்கு, ஆறு வயதுக் குழந்தைகள் 180 பேருக்கு அலுப்பூட்டும் ஒரு வேலையைப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். வேண்டுமானால் நடுவில் போய் வீடியோ கேம் விளையாடலாம். சில குழந்தைகள் “நான் உழைக்கிறேனா?” என்று தங்களைக் கேட்டுக்கொண்டார்கள். சிலர் தங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள். சிலர் பேட்மேன் போன்ற ஒரு நாயகனின் வேஷம் போட்டுக்கொண்டு, “பேட்மேன் உழைக்கிறாரா?” என்று கேட்டுக்கொண்டார்கள். அதிக நேரம் வேலையில் நின்றவர்கள் வேஷம் போட்டவர்கள். தன்னிலிருந்து ஓரடி விலகி நின்று தன்னைப் பார்க்க அந்த வேஷம் உதவியது. பெரியவர்களிலும் இது நடக்கிறது. மழை, வண்டிக் கோளாறு, நீண்ட வரிசை எல்லாவற்றையும் தாண்டிப் போய் ஓட்டுப் போடும் ஒரு மாணவனின் கதையைத் தேர்தலுக்குச் சில நாள் முன் கல்லூரி மாணவர்களிடம் படிக்கக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2012-இல் அமெரிக்காவில் வெளியானது. கதை ‘நான்’ என்று தன்மையில் சொல்லப்பட்டு, நாயகனும் தங்கள் கல்லூரிக்காரனாகவே இருந்தபோது படித்தவர்கள், மற்றவர்களைவிட அதிகமாக ஓட்டுப் போடப் போனார்கள்.

உங்கள் ஐந்தாவது விதி இப்படித்தான் உங்களிடம் வேலை செய்கிறது. உங்களிடம் வாள் இல்லை, ஆயுதம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டது போன். கோபம் வந்தால் அதை மேசையில் கவிழ்த்துவைத்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள் என்றும், திரும்பி வரும்வரை பதில் அனுப்ப மாட்டீர்கள் என்றும் கடிதத்தில் இன்னோர் இடத்தில் எழுதியிருந்தீர்கள். கோபத்தைக் கையாள என்னிடம் வருபவர்களுக்கு நான் சில வாரங்கள் பழக்கிக் கொடுக்கும் விஷயம் இது. நீங்கள் ஒரு கதையிலிருந்து தானாகக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள். இதை விடச் சொல்ல எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

சரி, அப்படியென்றால் எங்கே இடித்தது?

கதைக்குள் ஒரு காவலன் தன் கையில் இருந்ததையெல்லாம் வழிப்போக்கனுக்குக் கொடுத்தால், பத்து அத்தியாயம் கழித்து அந்த வழிப்போக்கன் ஒரு படையோடு வந்து காவலனைக் காப்பாற்றுவான். நல்லவனின் துணிச்சலுக்குப் பலன் இருக்க வேண்டும் என்று ஆசிரியர் முன்பே முடிவு செய்துவிட்டார். காவலன் முடிவெடுக்கும்போது, அவனுக்காக ஒருவர் அடுத்த பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறார். உங்களுக்காக அப்படி யாரும் எழுதவில்லை. அந்தப் பணம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். அந்தக் காவலர்கள் குடும்பம் இல்லாதவர்கள் என்று நினைக்கிறேன். இத்தகைய கதைகளில் பெரும்பாலும் அப்படித்தான். கூட்டாகச் சேமித்த பணம் என்ற ஒன்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் அவர்களுடைய விதியிலும் அதற்கு இடம் இல்லை. விதி தப்பு என்று நான் சொல்லவில்லை. உங்கள் வாழ்க்கையில் இருக்கும் ஓர் ஆளைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது, அவ்வளவுதான்.

உங்கள் மனைவி கேட்டதையும் இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். நண்பனுக்கு உதவியது தவறு என்று அவர் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. தன்னைக் கேட்கவில்லை என்பதுதான் அவருக்கு வலி. நீங்கள் அந்தக் கதையைப் படித்துவிட்டு, விரும்பி அதற்குள் போனவர். அவர் படிக்கவில்லை. தான் ஒப்புக்கொள்ளாத ஒரு விதிக்குத் தன் சேமிப்பைக் கொடுத்திருக்கிறார். தியாகம் செய்தவர் நீங்கள் என்று உங்களுக்குத் தோன்றியது. உண்மையில் அதில் பாதியைக் கொடுத்தவர் அவர், அவருக்குத் தெரியாமலே.

அலுவலகத்தில் நடந்ததும் இதே வகைதான், ஆனால் அது சின்னது. பொய் சொல்லாதே என்ற விதி, பொய் சொல்ல மறுக்கச் சொல்கிறது. மற்றவரைப் பொய்யர் என்று கூட்டத்தில் அழைக்கச் சொல்லவில்லை. “வேலை இன்னும் முடியவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவோம் என்று வேண்டுமானால் நான் சொல்கிறேன்” என்று தனியாகச் சொல்லியிருந்தாலும் விதி காப்பாற்றப்பட்டிருக்கும். மேலாளரிடம் போய், சொன்ன விஷயத்தில் மாற்றமில்லை, சொன்ன விதத்துக்கு வருந்துகிறேன் என்று சொல்லிவிடுங்கள். இதற்கு மேல் அதை நீங்கள் சுமக்க வேண்டாம்.

நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில், இதைக் காப்பாற்றும்போது விலை கொடுப்பவர் யார் என்று எழுதுங்கள். ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது விதிகளுக்கு உங்கள் பெயர் மட்டும்தான் வரும். அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இரண்டு பெயர்கள் வரும். அந்த இரண்டையும் நீங்கள் தனியாக எழுதவே முடியாது, இருவரும் உட்கார்ந்துதான் எழுத வேண்டும். எவ்வளவு வரை ஒருவர் கேட்காமல் கொடுக்கலாம், எதற்கு மேல் பேச வேண்டும், எது தேவை, எது தேவைக்கு மேல் என்பதை அவரும் சொல்லட்டும். நான்காவது விதியை வைத்துக்கொண்டு வீடு வாங்கும் ஆசையே தேவைக்கு மேல் என்று அவரிடம் வாதாடிவிடாதீர்கள். அதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரிகளுக்கு இடையில் எனக்கு அது கேட்டது.

விதிகளைத் திருத்தினால் அவை பொய்யாகிவிடும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அச்சில் வந்த புத்தகத்தைத்தான் திருத்த முடியாது. உங்களுடையது நோட்டு, கையால் எழுதியது. 22 வயதில் தனியாக இருந்த ஒருவன் எழுதியதை 31 வயதில் இருவராக இருப்பவர் அடித்து எழுதுவதில் துரோகம் எதுவும் இல்லை. மூன்றாவது விதிக்குக் கீழே இடம்விட்டு எழுதியிருக்கிறீர்கள் என்றால், அந்த இடத்தில் அவருடைய கையெழுத்தில் ஒரு வரி வரட்டும்.

இரவுகளைப் பற்றி இரண்டே வாக்கியங்கள்தான் எழுதியிருந்தீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே அதிகக் கவலை தந்தது அதுதான். பகலில் அந்தக் கதை உங்களை மனிதர்களிடம் அனுப்புகிறது, இரவில் மனிதர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. தூக்கத்தையும் வேலையையும் உறவுகளையும் தின்னும் அளவுக்கு நீளும் பகற்கனவை 2002-இல் எலி சோமர் என்ற இஸ்ரேலிய உளவியலாளர் முதலில் பெயரிட்டு விவரித்தார். மனநோய்களின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் அது இன்னும் சேர்க்கப்படவில்லை, உங்களுக்கு அது இருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. சில இரவுகள் என்கிறீர்கள். எத்தனை இரவுகள் என்று இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள். அந்த உலகத்துக்குள் போவதற்கு முன் மனதில் என்ன ஓடியது என்பதையும் ஒரு சொல்லில் குறியுங்கள். உங்கள் ஆறாவது விதியே பயத்தைப் பெயர் சொல்லி அழைக்கச் சொல்கிறது. இந்தப் பயத்தை நீங்கள் இன்னும் அழைக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பாவைப் பற்றி ஓரிரு வரிகளுக்கு மேல் நீங்கள் எழுதவில்லை. இரண்டு வாரத்தில் பாதி இரவுகளுக்கு மேல் இப்படிப் போனாலோ, விரும்பினாலும் நிறுத்த முடியாமல் போனாலோ, நேரில் ஓர் உளவியல் ஆலோசகரைப் பாருங்கள். குடி மறுபடி நினைவுக்கு வந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அண்ணனிடம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அவரும் அதே அப்பாவை இழந்தவர். அந்த நாட்களில் அவர் எதைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று என்றாவது கேட்டுப் பாருங்கள். அவருக்கும் ஏதாவது இருந்திருக்கும்.

மனைவியிடம் பேசும்போது தயவுசெய்து அந்தத் தொடரின் முதல் பாகத்தைக் கையில் கொடுத்து, படித்தால் புரியும் என்று சொல்லாதீர்கள். கதையை ரசிப்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. அவர் அந்த நாட்டின் வரைபடத்தையும் அரசர்களின் பெயர்களையும் கேட்கவில்லை. 22 வயதில், இரவு இரண்டு மணிக்கு, மருத்துவமனை வராந்தாவின் பிளாஸ்டிக் நாற்காலியில், கதவுக்கு உள்ளே இயந்திரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, நீங்கள் எந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அந்த வராந்தாவைப் பற்றி இதுவரை யாரிடமும் பேசியதில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அவரிடமும் பேசவில்லை. அவர் திருமணம் செய்துகொண்டது உங்களை என்றால், அந்த இரவும் அந்த நாற்காலியும் அவருக்குத் தெரிய வேண்டியவைதான்.

மோதிரத்தைக் கழற்ற வேண்டாம். ஆனால் உங்கள் முதல் விதி பொய் சொல்லாதே என்பது. அந்தக் குறி என்னவென்று அவர் கேட்டபோது சும்மா ஒரு டிசைன் என்று சொன்னீர்கள். இன்றிரவு விளக்கணைக்கும் முன் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுங்கள்.